சிவப்பு மோர்வாங் எந்தக் குடும்பத்து மீன்? பழைய கையேடு ஒன்று சொல்கிறது, புதுப் பட்டியல் வேறு சொல்கிறது

குருநகர்க்காரர் (சிட்னி) கேட்கிறார்:

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். சிட்னிப் பாறைகளில் எங்கு மூழ்கினாலும் கண்ணில் படுகிற சிவப்பு மோர்வாங் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது? என்னிடமுள்ள மீன் கையேடு தொண்ணூறுகளில் அச்சானது. அதில் செய்லோடாக்டிலிடே என்று தடித்த எழுத்தில் இருக்கிறது. இன்றைய இணையப் பட்டியல்களைத் திறந்தால் லாட்ரிடே என்று வருகிறது. லாட்ரிடே என்பது ட்ரம்பெட்டர் மீன்களின் குடும்பம் என்று அதே கையேடு சொல்கிறது. அதற்குத் தனி அத்தியாயமே இருக்கிறது. போதாக்குறைக்கு மீனின் அறிவியல் பெயரும் மாறிவிட்டது. 1879 இல் காஸ்டெல்னோ என்ற ஆய்வாளர் செய்லோடாக்டிலஸ் ஃபஸ்கஸ் என்று பெயரிட்டது, இப்போது மோர்வாங் ஃபஸ்கஸ் என்று திரிகிறது.

நான் விலங்கியல் படித்தவன் அல்லன். ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். மேன்லிக்குப் பக்கத்தில் ஷெல்லி கடற்கரையில் ஸ்நோர்கெல் மாட்டிக்கொண்டு மிதப்பதுதான் இப்போது உத்தியோகம். பார்த்த மீனின் பெயரை நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைப்பேன், அதுவும் குடும்ப வாரியாகப் பக்கம் பிரித்து. ஒரு குடும்பத்தையே பிய்த்து வேறு பக்கத்தில் எழுது என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறது அல்லவா?

மீன் இதுதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. மேலே செங்கபிலம், வயிறு வெளுப்பு. கண்களுக்கு முன்னால் இரண்டு குட்டிக் கொம்புகள் போன்ற புடைப்பு. தடித்த, சதைப்பற்றான உதடுகள். மார்புத் துடுப்பின் கீழ்ப்பகுதிக் கதிர்கள் மட்டும் தடித்து நீண்டு, சவ்வைத் தாண்டித் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருக்கும். அலை இழுக்கும்போது அந்தக் கதிர்களைப் பாறையில் ஊன்றிக்கொண்டு அசையாமல் நிற்பதை ஒரு கை எட்டும் தூரத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். மேயும்போது பாறையில் படர்ந்த குட்டைப் பாசியில் வாயைப் பதித்து ஒரு கவளம் உறிஞ்சும்; தாடை இரண்டு மூன்று முறை அசையும்; பிறகு செவுள் வழியே மணல் புகையாக வெளியே வரும். உள்ளே அகப்பட்ட புழுவும் சிறு இறால் வகைகளும் மட்டும் வயிற்றுக்குப் போகின்றன என்று நினைக்கிறேன்.

இரண்டாவது கேள்வி. நான் யாழ்ப்பாணத்துக் குருநகரில் வளர்ந்தவன். ஒரா, விளை, கலவாய், பாரை என்று சந்தையில் வந்து விழுந்த மீனெல்லாம் தெரியும். இந்த உதட்டு மீனை ஒருநாளும் கண்டதில்லை. ஆனால் இதன் சொந்தங்கள் ஜப்பானிலும் ஹவாயிலும் இருக்கின்றனவாம். தெற்கே ஆஸ்திரேலியாவில் இருக்கிறது, வடக்கே ஜப்பானில் இருக்கிறது, நடுவில் கிடக்கும் வெப்பக் கடலில் மட்டும் இல்லை. இது என்ன கணக்கு?

சாப்பிடலாமா என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நான் பார்க்கும் இடம் கேபேஜ் ட்ரீ விரிகுடா. 2002 முதல் அது நீர்வாழ் உயிரினக் காப்பகம். ஒரு சிப்பியைக்கூட எடுக்க முடியாது.


கூழ்ப்பானை (மெல்போர்ன்) எழுதுகிறார்:

ஐயா, நீங்கள் வேண்டாம் என்றாலும் நான் கேட்கத்தான் செய்வேன். இங்கே சீன உணவகங்களின் கண்ணாடித் தொட்டிகளில் குறுக்குப் பட்டைகளோடு ஒரு மீன் உயிருடன் நீந்துகிறது. பாண்டட் மோர்வாங் என்று எழுதியிருக்கிறார்கள். டாஸ்மேனியாவிலிருந்து வருகிறதாம். உதடும் துடுப்பும் நீங்கள் சொன்ன மாதிரியே. இதுவும் உங்கள் ஆளின் உறவுதானா? இஞ்சியும் வெங்காயத்தாளும் போட்டு ஆவியில் அவித்துத் தருகிறார்கள். சதை வெள்ளையாக, உறுதியாக இருந்தது. ஒடியல் கூழுக்கு ஒத்துவருமா என்று சோதிக்க அந்த விலை இடம் தரவில்லை.


தென்கோடி (ஹோபார்ட்) எழுதுகிறார்:

வணக்கம் ஐயா. உங்கள் கையேடும் சரி, பட்டியலும் சரி. அவை அச்சான ஆண்டுகள்தான் வேறு. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

குடும்பப் பெயர் என்பது எப்போதும் ஒரு குறிப்பிட்ட பேரினத்தோடும் (அறிவியல் பெயரின் முதல் சொல் அதுதான்), அந்தப் பேரினம் ஒரு குறிப்பிட்ட சிற்றினத்தோடும் கட்டப்பட்டிருக்கும். செய்லோடாக்டிலஸ் என்ற பேரினத்தை 1803 இல் லாசெபேட் உருவாக்கியபோது அவர் கையில் இருந்தது செய்லோடாக்டிலஸ் ஃபாசியேட்டஸ், தென்னாப்பிரிக்கக் கடலோர மீன். அதற்குப் பிறகு ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஜப்பான், சிலி என்று எங்கே தடித்த உதடும் நீண்ட துடுப்புக் கதிரும் உள்ள மீன் கிடைத்தாலும் அதே பெயரின்கீழ் போட்டுக்கொண்டே வந்தார்கள். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேல் இப்படியே போயிற்று.

மரபணுவைப் பார்க்கத் தொடங்கியதும்தான் கட்டு அவிழ்ந்தது. 2004 இல் பர்ரிட்ஜும் ஸ்மோலென்ஸ்கியும் செய்த ஆய்விலேயே, மோர்வாங்குகளில் பெரும்பாலானவை அந்தத் தென்னாப்பிரிக்க மீனைவிட ட்ரம்பெட்டர்களுக்குத்தான் நெருக்கம் என்று தெரிந்துவிட்டது. ஆனால் பெயரை மாற்ற யாரும் அவசரப்படவில்லை. 2018 இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் எலும்பு, தசை அமைப்புகளை ஒப்பிட்டு எழுதினார்கள். 2019 இல் லட், பர்ரிட்ஜ், சக்ரபர்த்தி ஆகிய மூவரும் மரபணுத் தொகுதித் தரவுகளையும் உடலமைப்பையும் சேர்த்து வைத்துப் பார்த்து, குடும்பத்தையே மறுவரையறை செய்தார்கள். முடிவு: செய்லோடாக்டிலிடே குடும்பத்தில் மிஞ்சியவை இரண்டே இனங்கள். ஒன்று லாசெபேடின் ஃபாசியேட்டஸ். மற்றது 1980 இல் மார்கரெட் ஸ்மித் விவரித்த பிக்ஸி. இரண்டுமே ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சேர்ந்தவை. மற்ற அனைத்தும் லாட்ரிடேவுக்குப் போயின. ஊரில் மூத்தவன் வீட்டுப் பெயரோடு தனிக்குடித்தனம் போய்விட, மிச்சமுள்ள கூட்டமெல்லாம் பக்கத்து வீட்டுப் பெயரில் குடும்ப அட்டை எடுத்த கதைதான்.

இதில் வேடிக்கை, தென்னாப்பிரிக்காவிலேயே கைரோடாக்டிலஸ் பிரக்கிடாக்டிலஸ் என்ற இன்னொரு மீன் ஃபாசியேட்டஸ் வாழும் பாறைகளிலேயே மேய்கிறது. பழக்கமில்லாதவர் கண்ணுக்கு இரண்டும் அண்ணன் தம்பி. ஆனால் அது இப்போது லாட்ரிடே. உதடும் துடுப்பும் ஒன்றுபோல இருப்பதை வைத்து உறவு சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியாது.

உங்கள் நோட்டுப் புத்தகத்துக்கு: சிட்னியில் நீங்கள் பார்க்கக்கூடிய சிவப்பு மோர்வாங், கொண்டை மோர்வாங், சாம்பல் மோர்வாங், இன்னும் தெற்கே போனால் கரும்பழுப்பு மோர்வாங், மேக்பை பெர்ச், நியூசிலாந்தில் தாராகிஹி என்று பெயர் பெற்ற நெமடாக்டிலஸ் மாக்ரோப்டெரஸ் எல்லாமே லாட்ரிடே. ஒரே பக்கத்தில் எழுதுங்கள். செய்லோடாக்டிலிடே பக்கத்தை ஆப்பிரிக்கா போகிற நாளுக்கு வெறுமையாக வைத்திருங்கள்.

கூழ்ப்பானைக்கு: ஆமாம், உறவுதான். நீங்கள் அவித்துச் சாப்பிட்ட அந்தப் பட்டை மோர்வாங்கைப் பற்றி எனக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, ஏனென்றால் நான் வாழும் தீவின் மீன் அது. உயிருடன் பிடித்து மெல்போர்ன், சிட்னி உணவகங்களுக்கு அனுப்பும் தொழில் தொண்ணூறுகளின் தொடக்கத்தில்தான் இங்கே சூடு பிடித்தது. செவிக்கல்லை, அதாவது மீனின் தலைக்குள் இருக்கும் சுண்ணாம்புக் கல்லை, மெல்லிய சீவலாக அறுத்து உருப்பெருக்கியில் பார்த்தால் மர வளையங்கள் மாதிரி ஆண்டுக் கோடுகள் தெரியும். அப்படி எண்ணியதில் 90 வயதைத் தாண்டிய மீன்கள் கிடைத்திருக்கின்றன. முதல் பத்து ஆண்டுக்குள் வேகமாக வளர்ந்துவிடும். அதன் பிறகு, குறிப்பாகப் பெண் மீன், வளர்வதே இல்லை என்று சொல்லும் அளவுக்கு மெதுவாகிவிடும். ஆகவே தட்டில் வந்த நாற்பது சென்டிமீட்டர் மீனுக்குப் பதினைந்து வயதும் இருக்கலாம், இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய பிறப்பாகவும் இருக்கலாம். நீளத்தை வைத்துச் சொல்ல முடியாது. இப்படி ஒரு மீனை உயிர்மீன் சந்தைக்குப் பிடிப்பது எனக்குப் பிடிக்காத காரியம். உங்களைக் குறை சொல்லவில்லை, தொட்டியில் இருப்பவை சட்டப்படி வந்தவைதான்.

அதே செவிக்கற்கள் இன்னொரு செய்தியும் சொல்லின. 2011 இல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஆய்வு: டாஸ்மன் கடல் வெப்பமாக ஆக, டாஸ்மேனியப் பக்கம் இந்த மீன் கூடுதல் வேகத்தில் வளர்ந்தது, ஆனால் அதன் பரவலின் வெப்ப விளிம்பான வட நியூசிலாந்தில், அதே வெப்பம் வளர்ச்சியைக் குறைத்தது. குளிர்ந்த நீருக்குப் பழகிய உடலுக்குச் சூடு ஓரளவு வரை உரம், அதற்கு மேல் சுமை.

இதுவே உங்கள் இரண்டாவது கேள்விக்கும் பாதி விடை. இவை மிதவெப்ப, துணைவெப்பக் கடல்களின் மீன்கள். பாக்கு நீரிணை வெந்நீர் இவற்றுக்கு ஆகாது. அப்படியானால் நடுவைத் தாண்டி ஜப்பானுக்கு எப்படிப் போயின? அதற்கு இவற்றின் குஞ்சுப் பருவத்தைப் பார்க்க வேண்டும். முட்டை பொரித்து வந்ததும் இவை பாறைக்கு வருவதில்லை. வெள்ளி நிறத்தில், பக்கவாட்டில் தட்டையாக, காகிதம் போல் மெலிந்த உருவில் பல மாதங்கள் திறந்த கடலில் மிதக்கின்றன. 'காகித மீன்' என்றே ஆங்கிலத்தில் அழைக்கிறார்கள். அத்தனை மாதம் நீரோட்டத்தில் போகிற குஞ்சு எங்கெங்கோ கரை சேரும். ஈஸ்டர் தீவு வரை, இந்தியப் பெருங்கடலின் தென்கோடியில் ஆம்ஸ்டர்டாம் தீவு வரை இந்தக் கூட்டம் பரவியிருப்பதற்கு அதுதான் வழி. உலகம் குளிர்ந்திருந்த காலங்களில் வெப்ப வலயம் குறுகியபோது சில குஞ்சுகள் நிலநடுக்கோட்டைத் தாண்டியிருக்க வேண்டும். பிறகு கடல் மீண்டும் சூடாக, வடக்கில் இருந்தவை வடக்கிலேயே தங்கித் தனி இனங்களாயின. இந்தத் தாண்டல் ஒருமுறை மட்டும் நடந்ததல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்தது என்று ஜப்பான், ஹவாய் மீன்கள் அடங்கிய கோனிஸ்டியஸ் பேரினத்தை வைத்து பர்ரிட்ஜும் வைட்டும் 2000 இல் காட்டினார்கள்.


குருநகர்க்காரர் (சிட்னி):

தம்பி தென்கோடி, நன்றி. பெயர் ஏன் மாறியது என்பது விளங்கிவிட்டது. ஆனால் ஒரு வாதம். ஆயிரக்கணக்கான சுழியோடிகளும் மீனவர்களும் ஒரு பெயரால் அறிந்த குடும்பம், ஆப்பிரிக்காவில் இரண்டு மீன் பெயரைப் பிடித்துக்கொண்டது என்பதற்காக அடையாளம் இழக்க வேண்டுமா? அந்த இரண்டுக்கும் புதுப் பெயர் வைத்துவிட்டுப் பழைய பெயரைப் பெருங்கூட்டத்துக்கு விட்டிருக்கலாமே. சட்டம் இடம் தராது என்று சொல்வீர்கள். சட்டம் எழுதியவர்கள் நோட்டுப் புத்தகம் வைத்திருக்கவில்லை போலும்.

காகிதக் குஞ்சு பற்றிச் சொன்னது எனக்குப் புதிது. நான் பாறையில் பார்க்கும் மிகச் சின்ன மோர்வாங்கே உள்ளங்கை நீளம் இருப்பதன் காரணம் இப்போது புரிகிறது. இன்னொன்று கேட்கட்டுமா? பகலில் இவை ஒரே இடத்தில் கும்பலாக, பாறை விளிம்பின்கீழ் சோம்பிக் கிடக்கின்றன. அடுத்த வாரம் போனாலும் அதே இடம். அதே மீன்கள்தானா? ஒன்றுக்கு வால் நுனி பிய்ந்திருக்கிறது, அதை அடையாளம் வைத்து ஆம் என்று நினைக்கிறேன்.

ஜப்பான் மீன்களைக் கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


தென்கோடி (ஹோபார்ட்):

அதே மீன்களாக இருக்கவே வாய்ப்பு அதிகம். சிட்னிக் கடலிலேயே லோரியும் சதர்ஸும் செய்து 1998 இல் வெளியான ஆய்வு இதைப் பற்றியதுதான். பகலில் ஒரே பாறையில் கூட்டமாகத் தங்கும், இரவில் பிரிந்து மேயப் போகும், திரும்ப அதே பாறைக்கு வரும். நீங்கள் சொன்ன கண்ணோரக் கொம்பு ஆணுக்குப் பெரிது, பெண்ணுக்குச் சிறிது. வால் பிய்ந்ததன் கொம்பையும் குறித்து வையுங்கள், ஆணா பெண்ணா என்று தெரிந்துவிடும்.

பெயர் வாதத்தில் உங்கள் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு பெருங்கூட்டமும் அப்படிக் கேட்டால் பெயரிடும் விதி என்று ஒன்று இருந்தும் பயனில்லை. மோர்வாங் என்ற பொதுப் பெயரை யாரும் உங்களிடமிருந்து பறிக்கவில்லையே.


ஈரமூக்கு (யோகோஹாமா) எழுதுகிறார்:

அழைப்பு வந்ததால் வருகிறேன். இங்கே மூன்று இனங்கள் உள்ளன, மூன்றும் கோனிஸ்டியஸ். அதிகம் தென்படுவது சோனேட்டஸ். ஜப்பானியர் தாகானோஹாதாய் என்பார்கள். இசு தீபகற்பத்தில் மூழ்கினால் தப்பாமல் பார்க்கலாம். உடல் முழுக்கச் சரிந்த பழுப்புப் பட்டைகள், வாலில் வெள்ளைப் புள்ளிகள். அந்தப் புள்ளிகளைப் பார்த்துவிட்டால் வேறு எதையும் பார்க்க வேண்டாம், இதுதான். இரண்டாவது ஜீப்ரா: உதடு ஆரஞ்சுச் சிவப்பு, யாரோ சாயம் பூசிவிட்ட மாதிரி, வாலில் புள்ளி கிடையாது, வாலின் கீழ்ப்பாதி கறுப்பு. மூன்றாவது குவாட்ரிகார்னிஸ்: வால் ஜீப்ராவை ஒத்திருக்கும், உதட்டில் அந்தச் சிவப்பு இராது.

ஊன்றி நிற்பதும் செவுளில் மணல் ஊதுவதும் குருநகர் ஐயா எழுதியது போலவே. கிட்டே போனால் பதறி ஓடாது. ஒரு சாண் தள்ளிப் போய் மறுபடியும் உட்கார்ந்துகொள்ளும். தூண்டில்காரர்கள் இதைப் பிடித்தால் முகம் சுளிப்பார்கள். கோடையில் பாசி வாடை தூக்கலாக அடிக்கும். குளிர்காலத்தில் கொழுப்பு ஏறியபின் நன்றாக இருக்கும் என்று சொல்லும் ஒரு கட்சியும் உண்டு. நான் அந்தக் கட்சி. பிடித்த உடனே குடலை எடுத்து, குருதியை வடித்துவிட வேண்டும்.

ஹவாய் பற்றி ஒன்று. அங்குள்ள கோனிஸ்டியஸ் விட்டேட்டஸும் லார்ட் ஹோ தீவுப் பக்கத்து மீனும் ஒரே இனம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். நிலநடுக்கோட்டுக்கு இரண்டு பக்கமும் ஒரே மீன்! 2004 இல் பர்ரிட்ஜ் தெற்கத்தியதைப் பிரித்து கோனிஸ்டியஸ் பிரான்சிஸி என்று தனி இனமாக்கினார். ஐயா, லார்ட் ஹோ உங்கள் ஊரிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரம்தான்.


குருநகர்க்காரர் (சிட்னி):

விமானக் கட்டணத்தைப் பார்த்தேன். அந்தப் பணத்துக்கு யாழ்ப்பாணம் போய் வரலாம். யாழ்ப்பாணத்தில் இந்த மீன் கிடையாது என்பதுதான் சிக்கல்.


தென்கோடி (ஹோபார்ட்):

மீன் இல்லை, ஆனால் ஒன்றுவிட்ட உறவு இருக்கிறது. மோர்வாங், ட்ரம்பெட்டர் எல்லாம் அடங்கிய பெருங்கிளையில் ஐந்து குடும்பங்கள். அவற்றில் வெப்பக் கடலில் செழித்தது சிர்ரிடிடே, ஹாக்ஃபிஷ் என்று சொல்வார்களே, அதுதான். இலங்கையின் பவளப்பாறைகளில் பாராசிர்ரிட்டஸ் ஃபார்ஸ்டெரி உண்டு: முகத்தில் சிவப்புப் புள்ளிகள், பவளத்தின் உச்சியில் ஏறி உட்கார்ந்திருக்கும். திருகோணமலைப் பக்கம் மூழ்கினால் தேடிப் பாருங்கள். மார்புத் துடுப்பின் கீழ்க்கதிர்களைக் கவனியுங்கள். தடித்து, சவ்வை விட்டு விலகி, அதே மாதிரி ஊன்றிக்கொண்டிருக்கும்.


கூழ்ப்பானை (மெல்போர்ன்):

90 வயது என்று படித்ததிலிருந்து எனக்கு அந்தத் தொட்டிப் பக்கம் பார்க்க முடியவில்லை. ஈஸ்டர் விடுமுறைக்கு டாஸ்மேனியா வருகிறோம், மைத்துனர் தூண்டிலோடு வருகிறார். சட்டப்படி என்ன அளவு என்று சொன்னால் அவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவேன்.


தென்கோடி (ஹோபார்ட்):

ஈஸ்டர் என்றால் பட்டை மோர்வாங்கைத் தொடவே கூடாது. மார்ச், ஏப்ரல் முட்டையிடும் காலம், தடை இருக்கிறது. மற்ற மாதங்களில் 36 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் எடுக்கக் கூடாது, 46 சென்டிமீட்டருக்கு மேற்பட்டதையும் எடுக்கக் கூடாது. பெரியதை விட்டுவிட வேண்டும் என்பதை மைத்துனரிடம் இரண்டு முறை சொல்லுங்கள், அதைத்தான் வெளியூரார் மறந்துவிடுகிறார்கள். விதிகள் மாறக்கூடியவை, புறப்படும் முன் மாநில மீன்வளத் துறையின் தளத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். தூண்டிலுக்கு இங்கே ஃப்ளாட்ஹெட் என்ற மீன் கிடைக்கும், கூழுக்கும் அதுவே போதும்.